ஊர் மாறினும் மாறாத கடன்

ஆணும் பெண்ணும் கூடி இல்லறம் நடத்துவது ஓர் உடன்பாடு. அவ்வுடன்பாடு நிலைபெறாதபோது அதனை முடித்துக்கொள்ள நாட்டின் சட்டம் இடந்தந்திருக்கிறது. ஆனால் அவ்விருவருக்கும் பிறந்த குழந்தைக்கும் அவர்களுக்கும் உள்ள தொடர்பு உடன்பாட்டினால் வந்ததன்று. குழந்தை எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடவில்லை. ஆதலின் எந்தப் பத்திரத்தினாலும் அதன் உரிமை தீர்ந்துபோவதில்லை. கணவன் மனைவி என்னும் உறவு முறியலாம். தாய் தந்தை என்னும் உறவு முறிவதில்லை. இஃது எல்லோரும் வாயளவில் ஒப்புக்கொள்ளும் உண்மையே. எனினும், பிரிந்த இருவரில் ஒருவர் ஊரைவிட்டுப் புறப்படும் நாளில்தான் இவ்வுண்மை சோதனைக்கு உள்ளாகிறது.

அந்நாளில் எழும் கேள்விகள் மூன்று. குழந்தை யாரிடம் இருத்தல் வேண்டும்? அதன் உணவுக்கும் உடைக்கும் கல்விக்கும் பொருள் தருபவர் யார்? தூரத்தில் நிற்கும் மற்றவர் குழந்தையைக் காண்பது எங்ஙனம்? தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இக்கேள்விகளோடு பெரியவர்களைத் தேடி வருவது வழக்கம். ஆதலின் தம்மத்தின் வழிநின்றும், சட்டத்தின் நிலையறிந்தும் நாம் கண்ட முடிவினை உபாசக உபாசிகைகளின் முன் வைக்கிறோம்.

இடம்பெயர்தல் குற்றமாகுமா?

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். ஊர் மாறுவது குற்றமன்று. மும்பைத் தமிழர்களாகிய நாம் ஊர் மாறி வந்தவர்கள். அல்லது ஊர் மாறி வந்தவர்களின் மக்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர் தாராவியின் தோல் தொழிலிலும் பஞ்சாலைகளிலும் பிழைப்புத் தேடினர். 1982 ஜனவரி 18-ஆம் நாள் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அது நீண்டு நலிந்தபின் பலருக்கு மீண்டும் வேலை கிடைக்கவில்லை. மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாம் இங்கே கூலிக்கு அலைந்தவர்கள் உண்டு. குடும்பத்தை இங்கே விட்டுத் தாம் ஊருக்குத் திரும்பியவர்களும் உண்டு. அக்காலத்தில் மாதந்தோறும் மணியார்டர் வந்த வீடும் இருந்தது, ஒருபோதும் வராத வீடும் இருந்தது. இரண்டு வீடுகளுக்கும் தூரம் ஒன்றே. ஆகவே குழந்தையைக் கைவிடச் செய்வது தூரம் என்று கூறுதல் பொருந்தாது.

மணமுறிவுக்குப்பின் இடம்பெயர்தல் இதனினும் கடினமானது. கூடி வாழும் தம்பதியருள் ஒருவர் வெளியூர் சென்றால், மற்றவர் வீட்டில் அவரைப்பற்றி நல்ல சொல் சொல்லிக் குழந்தையின் மனத்தில் அவரை உயிரோடு வைத்திருப்பார். பிரிந்தவர்கள் வீட்டில் அந்த நல்ல சொல் அரிது. அங்கே தூரம் குழந்தையின் நெஞ்சில் மறதியாகவோ, வெறுப்பாகவோ வளர்கிறது. தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு நாளுக்கும் மேலான இரயில் பயணம். துபாய்க்கோ கடவுச்சீட்டும் விமானக் கட்டணமும் வேண்டும். வாரந்தோறும் ஞாயிறு மாலை குழந்தையைப் பார்க்கலாம் என்று எழுதப்பட்ட உடன்பாடு, ஒருவர் ஊர் மாறிய அன்றே வெறுங்காகிதமாகிறது.

பிணையாக்கப்படும் குழந்தை

இவ்விடத்தில் இருவர் வாயிலும் எழும் இரண்டு பேச்சுகளை ஆராய்வோம். "அண்ணாச்சி, பிள்ளையைக் கண்ணில் காட்டாதவளுக்கு நான் எதற்காகப் பணம் அனுப்ப வேண்டும்?" என்று கேட்கிறார் தந்தை. "ஒரு ரூபாய் அனுப்பாதவருக்குப் பிள்ளையின் முகம் எதற்கு அண்ணாச்சி?" என்று கேட்கிறார் தாய். கேட்பவர் காதுக்கு இரண்டுமே நியாயம் போல் தோன்றும். கடைக்காரனும் வாடிக்கைக்காரனும் பேசுவதாயின் நியாயமே. சரக்கு வராவிடில் விலை இல்லை, விலை வராவிடில் சரக்கு இல்லை. ஆனால் இங்கே சரக்கு யாது? ஓர் உயிர்.

தந்தை செலுத்தும் பொருள் தாய்க்குச் செலுத்தும் விலையன்று. குழந்தைக்குப் பட்ட கடன். தாய் குழந்தையைத் தந்தையிடம் காட்டுவது தந்தைக்குச் செய்யும் உபகாரம் மட்டுமன்று. அதுவும் குழந்தைக்குப் பட்ட கடனே, ஏனெனில் தந்தையை அறிந்து வளர்வது குழந்தையின் தேவை. இவை இரண்டும் வெவ்வேறு கடன்கள். ஒருவர் தம் கடனைச் செலுத்தாததனால் மற்றவர் தம் கடனையும் நிறுத்தினால், நட்டப்படுவது யார்? இரண்டு கடனுக்கும் உரியதாகிய அக்குழந்தையே. முதலில் அரிசி போயிற்று. பிறகு அப்பாவும் போனார். அல்லது முதலில் அப்பா போனார். பிறகு அரிசியும் போயிற்று.

நூற்பாலையில் வேலை செய்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். ஒரு கதிரில் இழை அறுந்தால், அந்த இழையைப் பிடித்து இணைத்துவிடுவோமேயன்றி, அடுத்த கதிரின் இழையையும் அறுத்துவிட்டு இரண்டும் சமமாயின என்று மகிழமாட்டோம். அவ்வாறு செய்பவனை மேஸ்திரி அன்றே வெளியே அனுப்பியிருப்பார்.

பணம் தவறாது செலுத்தியும் குழந்தையைக் காணமுடியாத தந்தையின் துன்பத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. அது பெரும் அநீதி. ஆனால் அதற்குப் பரிகாரம் குழந்தையைக் காணும் உரிமையை நிலைநாட்டுமாறு நீதிமன்றத்தை அணுகுவதே, பணத்தை நிறுத்துவதன்று. அவ்வாறே பணம் பெறாத தாய்க்குப் பரிகாரம் உத்தரவை நிறைவேற்றக் கோருவதே, குழந்தையை ஒளித்துவைப்பதன்று. வழக்கு மாதக்கணக்கில் நடக்கும். குழந்தையோ நாள்தோறும் உண்ண வேண்டும். இரவுதோறும் அம்மாவையோ அப்பாவையோ நினைக்க வேண்டும்.

சட்டம் கூறுவது

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும், 1956-ஆம் ஆண்டின் இளவர், காப்பாளர் சட்டமும், அதே ஆண்டின் தத்தெடுத்தல், ஜீவனாம்சச் சட்டமும் பௌத்தராகிய நமக்கும் பொருந்துவன. அவற்றின் வேர், அண்ணல் அம்பேத்கர் நடத்திச் சென்ற இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா. அம்மசோதா நிறைவேறாது தடைப்பட்டது முக்கிய காரணங்களுள் ஒன்றாக 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியைத் துறந்தார். ஆதலின் இச்சட்டங்களை அறிந்துகொள்வது நமக்குக் கடமையுமாகும்.

மேற்கூறிய ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு குழந்தையைக் காக்கும் கடமையைத் தந்தைக்கு மட்டுமன்றித் தாய்க்கும் விதிக்கிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருத்தல் வேண்டும் என்பது காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. யாரிடம் குழந்தை இருப்பது என்பதை முடிவு செய்கையில் குழந்தையின் நலமே தலையாயது என்பது அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு. தந்தையே முதற்காப்பாளர், அவருக்குப் பின்னரே தாய் என்று 6-ஆம் பிரிவில் எழுதப்பட்டிருப்பினும், எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அச்சொல்லுக்குப் புதிய விளக்கம் தந்தது. 'பின்னர்' என்பது தந்தை இறந்த பின்னர் என்று மட்டும் பொருள்படாது. தந்தை குழந்தையைக் கவனியாது இருக்கும்போதும், தூர தேசத்தில் இருந்து கவனிக்க இயலாதபோதும் தாயே காப்பாளராகச் செயற்படலாம் என்பது அதன் கருத்து. ஊர்விட்டுப் போய்க் குழந்தையை மறந்த தந்தை, கையொப்பத்திற்கு மட்டும் தாம் வேண்டும் என்று உரிமை பேச இயலாது.

பொருள் பற்றிய சட்டமும் ஊரெல்லையில் நின்றுவிடுவதில்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்று நாம் அறிந்திருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக நிற்கிறது. மனைவி தாம் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். கணவர் இருக்கும் ஊரைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. தாராவியிலிருந்து தாய்வீடு திரும்பிய பெண் திருநெல்வேலியிலேயே வழக்கிடலாம். அங்கே பெற்ற உத்தரவை, கணவர் எவ்வூரில் இருக்கிறாரோ அவ்வூர் மாஜிஸ்திரேட்டே நிறைவேற்றலாம் என்பது 147-ஆம் பிரிவு. காரணமின்றிச் செலுத்தாதவருக்கு, தவறிய ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கவும் இடமுண்டு. பாக்கியை வசூலிக்க ஓராண்டுக்குள் மனுச் செய்தல் வேண்டும் என்பதை நம் பெண்மக்கள் மறத்தலாகாது. 2001 வரை இப்பிரிவின்கீழ் மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட இயலாது என்றிருந்த வரம்பு அவ்வாண்டில் நீக்கப்பட்டது. இரு தரப்பாரும் தம் வருவாயையும் சொத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் நெறி வகுத்தது. வேலை போய்விட்டாலோ ஊதியம் உயர்ந்தாலோ தொகையை மாற்றக் கேட்கவும் வழியுண்டு. மாற்றக் கேட்பது நேர்மை. சொல்லாமல் நிறுத்துவது வஞ்சனை.

குழந்தையோடு செல்லலாமா?

இனி, இதனினும் அரியதொரு கேள்வி. குழந்தையைத் தம்மிடம் வைத்திருப்பவரே ஊர் மாற விரும்பினால் என் செய்வது? அவர் பிழைப்பைத் தடுப்பதா? மற்றவரிடமிருந்து குழந்தையைப் பிரிப்பதா?

இக்கேள்வி 2022 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. கணவரைப் பிரிந்து புனேயில் வாழ்ந்த பொறியாளரான தாய் ஒருவர், போலந்து நாட்டில் கிடைத்த வேலைக்குத் தம் 9 வயது மகளுடன் செல்ல அனுமதி கேட்டார். கீழ் நீதிமன்றம் மறுத்திருந்தது. மகள் தம்மைவிட்டு அகன்றுபோவாள் என்று தந்தை எதிர்த்தார். அருகிலுள்ள உக்ரைன் நாட்டில் போர் நடப்பதையும் சுட்டினார். நீதியரசர் பாரதி டாங்கரே, வேலையா குழந்தையா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுதல் ஆகாது எனக் கண்டு அனுமதி அளித்தார். அதனுடன், தந்தை மகளோடு காணொலியில் பேசவும், விடுமுறையில் மகளை இந்தியாவிற்கு அழைத்து வரவும் வழிசெய்தார். இதற்கு முன்னர் 2010-ஆம் ஆண்டில், மணமுறிவு பெற்ற தாய் ஒருவர் தம் மகனுடன் ஆஸ்திரேலியா செல்வதை எதிர்த்துத் தந்தை தொடுத்த மேல்முறையீட்டில், உச்ச நீதிமன்ற நீதியரசர்கள் அச்சிறுவனைத் தனியே அழைத்துப் பேசினர். தாயோடு இருக்கவே அவன் விரும்புவதை அறிந்து, அனுமதியை உறுதி செய்தனர். குழந்தையின் நலத்திற்கேற்ப இத்தகைய ஏற்பாடுகள் பின்னர் மாற்றப்படலாம் என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

இத்தீர்ப்புகளைப் படித்துவிட்டு, எவரும் எப்போதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படலாம் என்று கொள்வது தவறு. இரண்டு தாய்மாரும் முன்கூட்டியே கேட்டனர், மறைந்து செல்லவில்லை. நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அதன் அனுமதியின்றிக் குழந்தையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோகலாகாது என்பது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. பிற நாடு செல்வதாயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்கு முறையின்றிக் கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புதற்கென 1980-இல் ஏற்பட்ட ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே, போன குழந்தையைத் திரும்பக் காண்பது இரு தரப்பாருக்கும் நெடுவழக்காகிவிடும்.

நீதிமன்றம் செயலைப் பார்க்கும். தம்மமோ செயலுக்கு முன்னுள்ள எண்ணத்தைப் பார்க்கும். கருமம் என்பது எண்ணமே என்பது நம் கொள்கை. பிழைப்பை நோக்கிப் போவதும், மற்றவரைத் தண்டிக்கப் போவதும் ஒரே இரயிலில் போகலாம். பயணச்சீட்டில் வேற்றுமை தெரியாது. போகிறவர் நெஞ்சிற்குத் தெரியும்.

ததாகதரும் இராகுலனும்

இதனை அளந்தறிய ஓர் அளவுகோலைப் பகவன் புத்தர் தம் சொந்த மகனுக்கே அருளியிருக்கிறார். வீடு துறந்து சென்ற அவர் கபிலவாஸ்துவுக்குத் திரும்பியபோது, இராகுலனின் தாய் மகனை அவரிடம் அனுப்பி, பிதுரார்ஜிதத்தைக் கேட்கச் சொன்னார் என்று வினயம் கூறுகிறது. சிறுவன் தந்தையின் பின்னே கேட்டுக்கொண்டே சென்றான். சாரிபுத்தர் அவனுக்குத் துறவு அளித்தார். பாட்டனாராகிய சுத்தோதனர் பெருந்துயருற்றுத் ததாகதரிடம் வந்தார். பிள்ளைப் பாசம் தோலையும் தசையையும் எலும்பையும் துளைத்து மூளை வரை செல்வது என்று முறையிட்டார். இனிப் பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளைக்கும் துறவு அளிக்கலாகாது என்று வேண்டினார். ததாகதர் அதனை ஏற்று விதியாக்கினார்.

புண்ணியமான விகாரைக்கு அழைத்துச் செல்வதற்கே பெற்றோர் இசைவு வேண்டும் என்பது சங்கத்தின் விதியாயின், வேறொரு ஊருக்கோ நாட்டுக்கோ ஒரு பிள்ளையைக் கொண்டுசெல்வதற்கு இசைவு கேட்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை எண்ணிப் பார்மின். சுத்தோதனரின் துயரிலிருந்து நாம் அறிவது மற்றொன்றும் உண்டு. குழந்தை பிரியும்போது வருந்துவோர் பெற்றோர் இருவர் மட்டுமல்லர். ஆச்சியும் தாத்தாவும் வருந்துவர். அவர்களுக்கும் ஒரு நாள், ஒரு தொலைபேசி அழைப்பு ஒதுக்கப்படுதல் வேண்டும்.

பின்னர் இராகுலனுக்கு அருளிய உபதேசத்தில், கண்ணாடி எதற்கு என்று கேட்டு, ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும், அது தனக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ தீங்கு தருமா என்று பார்க்குமாறு ததாகதர் கற்பித்தார். ஊர் மாறுவோர் அவ்வாறே மூன்று முறை பார்த்தல் வேண்டும். போகுமுன்: இங்கே இல்லாத பிழைப்பு அங்கே உண்டா? குழந்தைக்குப் பள்ளி எது? மும்பைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை மராத்தியும் இந்தியும் படித்த பிள்ளை, தமிழ் கட்டாயமாகிய தமிழ்நாட்டுப் பள்ளியில் எழுத்துக் கூட்டி அழுமே, அதற்கு ஏற்பாடு என்ன? போகும்போது: மற்றவருக்கு முகவரி தந்தோமா? போனபின்: குழந்தை உண்கிறதா, உறங்குகிறதா, விட்டுவந்தவரைப்பற்றிப் பேச அஞ்சுகிறதா? அஞ்சுகிறதாயின் நம் வீட்டில் ஏதோ தவறு நடக்கிறது.

விட்டுக்கொடுத்தல் பற்றி ஒரு சொல்

மகோசதர் கதையை நம்மவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். ஒரு குழந்தைக்கு இருவர் உரிமை கொண்டாட, போதிசத்துவராகிய மகோசதர் கோடு கிழித்து, நடுவில் குழந்தையைக் கிடத்தி இருவரையும் இழுக்கச் சொன்னார். குழந்தை அழுதவுடன் தாய் கையை விட்டாள். இதனைக் காட்டி, "விட்டுக்கொடுப்பவளே தாய், ஆகையால் நீ விட்டுக்கொடு" என்று சில பெரியவர்கள் பெண்களை வற்புறுத்துவதுண்டு. இது கதையைப் பாதியில் நிறுத்துவதாகும். மகோசதர் கையை விட்டவளிடமே குழந்தையைக் கொடுத்தார். குழந்தையின் வலி யாருக்கு முதலில் வலித்தது என்பதே அவர் தேடிய சான்று. ஆதலின் பஞ்சாயத்தில் அமர்வோர் தேட வேண்டியதும் அதுவே. யார் உரக்கப் பேசுகிறார், யாருக்குச் சொந்த வீடு உண்டு என்பவை பிற்பட்டவை. வலியை உணர்பவர் தந்தையாகவும் இருக்கலாம். அங்ஙனமாயின் அவரிடமே குழந்தை இருப்பதில் தவறில்லை.

பெரியவர்கள் செய்யத்தக்கது

நம்மிடையே முத்திரைத்தாளில் எழுதிப் பிரித்துவிடும் வழக்கம் இன்றும் மறையவில்லை. 'இனி ஒருவர்மீது ஒருவருக்கு எவ்வித உரிமையும் இல்லை. குழந்தைக்கும் கேட்கமாட்டேன்' என்று தாயிடம் கையொப்பம் பெறுகின்றனர். தாய் தம் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. அத்தகைய தாளில் சாட்சிக் கையொப்பமிடும் பெரியவர், ஒரு குழந்தையின் சோற்றை எடுத்து எழுதிக்கொடுத்தவராவார். நம் சங்கத்தார் எவரும் அதனைச் செய்தலாகாது.

இசைந்து பிரிவோர்க்கு நாம் கூறும் ஏற்பாடு இதுவே. மாதத்தொகை, அது சேரவேண்டிய தேதி, ஊதியம் மாறினால் தொகை மாறும் முறை ஆகியவற்றை எழுதுக. விடுமுறையில் எத்தனை நாள் யாரிடம், வாரத்தில் எந்நாள் எந்நேரம் தொலைபேசியில் பேசுவது என்பதை எழுதுக. ஊர் மாற எண்ணுபவர் மூன்று மாதத்திற்கு முன்னரே மற்றவருக்கு அறிவித்தல் வேண்டும் என்று எழுதுக. பயணச் செலவு யாருடையது என்பதையும் எழுதுக. தூரத்தை உண்டாக்கியவர் செலவில் பெரும்பங்கை ஏற்பது முறை, அவருக்கு வசதியில்லையேல் வசதியுள்ளவர் ஏற்பது கருணை. எழுதியதை மும்பையாயின் பாந்திரா-குர்லா வளாகத்திலுள்ள குடும்ப நீதிமன்றத்தில் கொடுத்து உத்தரவாகப் பெறுக. வெறும் தாளைக் காட்டிப் பாக்கியை வசூலிப்பது கடினம். உத்தரவை எவ்வூரிலும் காட்டலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று அஞ்சவேண்டுவதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். 1990 முதல் பௌத்தரான பட்டியல் சாதியினரும் அவ்வரிசையில் உள்ளனர்.

சிகாலனுக்கு அருளிய உபதேசத்தில் பெற்றோர் பிள்ளைக்குச் செய்யவேண்டியன ஐந்து என்று ததாகதர் வகுத்தார்: தீமையிலிருந்து விலக்குதல், நன்மையில் செலுத்துதல், தொழில் கற்பித்தல், தக்க துணை தேடித் தருதல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல். இவ்வைந்தினுள் ஒன்றேனும் கணவனும் மனைவியும் கூடி வாழ்ந்தால் மட்டும் செய்க என்று விதிக்கப்படவில்லை. ஒரே ஊரில் இருந்தால் மட்டும் செய்க என்றும் விதிக்கப்படவில்லை.

இதனைப் படிப்போருள் பிரிந்து வாழும் தந்தையோ தாயோ இருப்பின், அவருக்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. பழைய கணக்கு யார் பக்கம் பாக்கி என்று பார்க்கவேண்டாம். இம்மாதத் தொகையை இம்மாதமே அனுப்புங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பேச விடுங்கள். மற்றவர் செய்த பிறகு நாம் செய்வோம் என்று இருவரும் காத்திருந்தால், அதற்குள் குழந்தை வளர்ந்துவிடும்.